திரெஷர் சுறாவில் எது எது: வாலைப் பார்த்து ஏமாற வேண்டாம்

திரெஷர் சுறா என்றதும் எல்லார் கண்ணும் வாலுக்குத்தான் போகும். மொத்த நீளத்தில் ஏறக்குறைய பாதி அந்த வால்தான். அதை வைத்து 'இது திரெஷர்' என்று சொல்லலாம், எந்த திரெஷர் என்று சொல்ல முடியாது. மூன்று இனங்கள் இருக்கின்றன. பெருங்கண் திரெஷரைப் பிரிப்பது சுலபம்: தலையின் மேல்பக்கம் வரை ஏறிய பெரிய கண், பிடரியில் இருபுறமும் ஆழமான பள்ளம். தகராறெல்லாம் சாதாரண திரெஷருக்கும் பெலாஜிக் திரெஷருக்கும் நடுவில்தான்.

அளவை நம்புவது அடுத்த தவறு. சாதாரண திரெஷர் 5 மீட்டரைத் தாண்டி வளரும், பெலாஜிக் பெரும்பாலும் 3 மீட்டரை ஒட்டியே நின்றுவிடும். சரி, ஆனால் 3 மீட்டர் மீன் இன்னும் வளர வேண்டிய சாதாரண திரெஷராகவும் இருக்கலாமே? வால் நுனி அறுந்திருந்தால் அந்த அளவுக்கும் அர்த்தமில்லை. முதுகின் நிறமும் கைகொடுக்காது. செத்த சற்று நேரத்தில் பெலாஜிக்கின் கருநீலம் சாம்பலாகிவிடும்.

பார்க்க வேண்டிய இடம் மார்புத் துடுப்பு உடலோடு சேரும் இடம். சாதாரண திரெஷரில் வயிற்றின் வெள்ளை அங்கே நிற்காமல் துடுப்புக்கு மேலே ஏறி, ஓரம் ஒழுங்கில்லாத ஒரு திட்டாகத் தெரியும். பெலாஜிக்கில் துடுப்புக்கு மேலே கருமைதான். துடுப்பின் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள்: முன்னதில் அரிவாள் போல வளைந்து கூராக முடியும், பின்னதில் நேராகப் போய் அகன்ற நுனியாக முடியும். மீன் கைக்கு எட்டினால் வாயோரத்தைத் தடவிப் பார்க்கலாம். உதட்டு மடிப்பு சாதாரண திரெஷருக்கு உண்டு, பெலாஜிக்குக்கு இல்லை.

நிபுணர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1935ல் பெலாஜிக்குக்கு அறிவியல் பெயர் வைத்த ஜப்பானிய ஆய்வாளர் நாகமுரா, தன் கட்டுரையில் ஒரு கருக்குட்டியின் படத்தையும் சேர்த்திருந்தார். அது சாதாரண திரெஷருடையதாக இருக்கலாம் என்று பின்னாளில் சுறா வகைப்பாட்டு நிபுணர் லெனார்ட் கம்பாக்னோ கருதினார். 'சாதாரண திரெஷர்' என்ற பெயரில் பெலாஜிக்கின் படத்தை வெளியிட்ட ஆய்வாளர்களும் உண்டு.

இடத்தை வைத்து முடிவு செய்வதிலும் பாதிதான் உண்மை. பெலாஜிக் வாழ்வது இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் மட்டும். அதனால் அட்லாண்டிக்கில் பிடிபட்டதை பெலாஜிக் என்று எழுதுவது தவறு. ஆனால் மற்ற இரு கடல்களிலும் சாதாரண திரெஷரும் உண்டு, அங்கே வரைபடம் உதவாது. பிலிப்பைன்ஸின் மலபாஸ்குவா தீவருகே முக்குளிப்பவர்கள் காணப் போவது பெலாஜிக்கைத்தான். அந்தப் படங்களுக்குக் கீழேகூட சில நேரம் மற்றதன் பெயர் இருக்கும்.

பெயர் மாறினால் என்ன, இரண்டும் திரெஷர்தானே என்று கேட்கலாம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு அது பொருந்தும். அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் மாநாடு, 2016ல் திரெஷர் பேரினம் முழுவதையும் அனுமதியோடு மட்டும் விற்கக்கூடியவற்றின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டது. கடலில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று கணக்கிடும்போதுதான் உதைக்கும். பெலாஜிக் ஒரு ஈற்றில் பொதுவாக 2 குட்டிதான் போடும், சாதாரணம் பெரும்பாலும் 2 முதல் 4 வரை. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் மெதுவாகப் பெருகும் இனத்தின் சரிவு கணக்கில் மறைந்துபோகும்.

அடியிலிருந்து எடுத்த படம் மட்டும் கையில் இருக்கிறதா? அதில் இரண்டின் வயிறும் வெள்ளைதான். 'அலோபியாஸ்' என்று பேரினத்தை மட்டும் எழுதி, இனத்துக்கான இடத்தைக் காலியாக விடுங்கள்.