சேர்வராயன் மலையின் எளிய விடுதிகளில் தங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு ஏரியைச் சுற்றியுள்ள பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு, நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு போன்ற மலைக்கிராமங்களின் பக்கம் நான்கைந்து அறைகளோடு நடக்கும் எளிய விடுதிகளைத் தேடிப் போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வாடகை குறைவு, கூட்டம் இல்லை, சன்னலைத் திறந்தால் காபிச் செடிகள் தெரியும் என்பவை அதற்கான காரணங்கள். ஆனால் ஊருக்குள் இருக்கும் ஓட்டலில் எதிர்பார்ப்பதையெல்லாம் இங்கேயும் எதிர்பார்த்து வந்து இறங்குவதால்தான் பெரும்பாலான மனக்கசப்புகளும் சில ஆபத்துகளும் நேர்கின்றன. இந்த விடுதிகளில் பல, ஒரு குடும்பம் வாழும் வீட்டின் ஒரு பகுதிதான். அந்த வீடு ஒரு காபித் தோட்டத்துக்குள் இருக்கிறது. அந்தத் தோட்டமோ காட்டை ஒட்டி இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்படும் தவறுகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

புறப்படும் முன்

படங்களை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பிவிட்டு, விடுதிக்காரரோடு ஒரு முறைகூடப் பேசாமல் கிளம்புவது மிகப் பரவலான தவறு. இணையத்தில் உள்ள படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. பேசும்போதும் "ரூம் நல்லா இருக்குமா?" என்று கேட்பதில் பயனில்லை, எந்த விடுதிக்காரரும் நன்றாக இருக்காது என்று சொல்லப்போவதில்லை. பிரதான சாலையிலிருந்து விடுதிவரை தார்ச்சாலையா மண்பாதையா, வெந்நீர் எதனால் கிடைக்கிறது, மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு உண்டா, எந்த நிறுவனத்தின் கைபேசி சிக்னல் அங்கே கிடைக்கும், இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கார் வீடுவரை வருமா என்ற கேள்விக்கு "பார்த்து வந்தா வந்துரும் சார்" என்ற பதில் கிடைத்தால், அதை மழை பெய்யாத நாளுக்கான பதிலாக மட்டுமே எடுத்துக்கொள்வது நல்லது.

வெந்நீரைப் பற்றித் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூரையில் சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கருவியை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில், பகல் முழுவதும் மூடுபனி இறங்கியிருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குழாயில் வருவது வெதுவெதுப்பான தண்ணீர்கூட இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் விறகடுப்பில் காய்ச்சி வாளியில் கொண்டுவந்து தருவார்கள். அதை முந்தின நாள் இரவே சொல்லிவைக்க வேண்டும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் இதைச் சின்ன விஷயமாக எண்ணிவிடக் கூடாது.

பருவத்தைப் பற்றிய தவறான கணக்கும் ஏமாற்றத்தைத் தரும். மே மாதத்தில், கோடை விழாவை ஒட்டி, அறை வாடகையும் வாகன நெரிசலும் உச்சத்தில் இருக்கும். அதே மாதத்தில் கிளியூர் அருவியைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். அருவியில் தண்ணீர் வேண்டுமானால் மழைக்காலத்தை ஒட்டியும், காபிப் பூ பார்க்க வேண்டுமானால் மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்த பின்பும், பழம் பறிப்பதைப் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும் போவது பொருத்தம்.

அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் உடன் வருவதானால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு இணையவழியில் தெரிவிக்கும் பொறுப்பு விடுதி நடத்துபவருடையது. சில சிறிய விடுதிகளில் அந்த ஏற்பாடு இருக்காது. வாசலில் வந்து நின்ற பிறகு இது தெரியவந்தால் இரு தரப்புக்கும் சங்கடம்.

மலையேறும் வழி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆகவே இருட்டிய பிறகு கிளம்பினாலும் போய்விடலாம் என்று நினைப்பது தவறு. அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதைவிட, மேலே போன பிறகு விடுதிக்குச் செல்லும் கடைசி நான்கைந்து கிலோமீட்டரில்தான் சிக்கல் காத்திருக்கும். கைபேசி வரைபடம் தோட்டத்துக்குள் போகும் டிராக்டர் பாதையையும் சாலையாகவே காட்டும்; நடுவழியில் சிக்னலும் போய்விட்டால் திரும்பவும் இடம் இருக்காது. கோயில், பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் என்று அடையாளங்களைச் சொல்லி வழியைத் தாளில் எழுதிக்கொண்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்வது பாதுகாப்பானது. பேருந்தில் போகிறவர்கள் அந்தக் கிராமத்துக்கான கடைசிப் பேருந்து எப்போது என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். சமவெளியில் நன்றாக ஓட்டுகிறவர்களும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். திரும்பும்போது அயோத்தியாப்பட்டணம் பக்கம் இறங்கும் குப்பனூர் சாலையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கையில் ரொக்கம் இல்லாமல் போவதும் கூடாது. சிக்னல் இல்லாத இடத்தில் கைபேசிவழிப் பணப் பரிமாற்றம் நடக்காது.

சாப்பாடும் அறையும்

இரவு ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்து, பரோட்டாவும் சிக்கன் ஃப்ரைடு ரைஸும் கிடைக்குமா என்று கேட்பது இவ்விடுதிகளில் அன்றாடம் நடக்கிறது. காய்கறி, கோழி, பால் பாக்கெட் எல்லாம் ஏற்காடு கடைவீதியிலிருந்தோ சேலத்திலிருந்தோதான் வர வேண்டும்; மிஞ்சினால் வீணாகும் என்பதால் யாரும் கூடுதலாக வாங்கி வைப்பதில்லை. இந்த உயரத்தில், அதாவது கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டரில், தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேகச் சேலத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். மதியமே எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் நல்ல சாப்பாடு கிடைக்கும். என் கருத்தில், அந்த வீட்டார் தங்களுக்குச் சமைக்கும் களியையும் கீரையையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதே உத்தமம். ஓட்டல் உணவைப் போலச் சமைக்கச் சொன்னால் இரண்டும் கெட்டானாகத்தான் வரும்.

95 டிகிரியில் கொதிப்பதால் கிருமிகள் சாகாது என்று அஞ்ச வேண்டியதில்லை. நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் ஆன தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஊற்று நீர் சுத்தமானது என்று நம்பிக் காய்ச்சாமல் குடிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அறைக்குள் செய்யக் கூடாத ஒரு தவறு உயிரையே பறிக்கக் கூடியது. குளிருக்காகக் கரி அடுப்பையோ, வெளியே கோழி சுட்ட பிறகு கனன்று கொண்டிருக்கும் அடுப்பையோ அறைக்குள் எடுத்துவந்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. அணையப்போகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வெளிவரும். அதற்கு மணமோ நிறமோ இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறுகிறது என்ற உணர்வுகூட வராது. கொடைக்கானலில் இப்படி இளைஞர்கள் உயிரிழந்த செய்தி நாளிதழ்களில் வந்த பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. கூடுதல் போர்வை கேட்டால் எந்த விடுதியிலும் தருவார்கள். காற்றுப் போக வழியில்லாத குளியலறைக்குள் பொருத்தப்பட்ட கேஸ் ஹீட்டரும் இதே ஆபத்தைக் கொண்டது. அப்படி இருந்தால் அதைப் பயன்படுத்தாமல் வாளி வெந்நீர் கேட்பது மேல். மின்சாரத்தில் ஓடும் அறைச்சூடேற்றியை வீட்டிலிருந்து கொண்டுபோய் மாட்டினால், பழைய வயரிங் தாங்காமல் வீடு முழுவதும் இருட்டாகும்.

தோட்டம் பொது இடம் அல்ல

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. இரண்டு நூற்றாண்டுகளாக இந்த மலைவாசிகள் பலரின் பிழைப்பு அதைச் சார்ந்தே நடக்கிறது. காபி உலரும் களத்தைச் சிமென்ட் தரை என்று எண்ணி அதில் காரை நிறுத்துவது, உலரப் போட்ட கொட்டைமேல் செருப்போடு நடப்பது, கொடியிலிருந்து பச்சை மிளகைக் கொத்தாக இழுப்பது ஆகியவை விளையாட்டல்ல; ஒருவரது ஆண்டு வருமானத்தில் கைவைப்பதாகும். களத்தில் மண்ணும் எண்ணெயும் பட்ட கொட்டை தரம் இறங்கி விலை குறைந்துவிடும். பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பதும் அப்படித்தான் தவிர்க்கத்தக்கது. கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்; பறிப்பது எப்படி என்று காட்டியும் தருவார்கள்.

காட்டெருமையும் குரங்கும்

சேர்வராயன் மலையில் தேசியப் பூங்கா கிடையாது. முதுமலையிலோ ஆனைமலையிலோ உள்ளதுபோல் நுழைவாயிலும், நுழைவுச் சீட்டும், வனத்துறை வாகனமும் இங்கே இல்லை. இதனால் விலங்குகளும் இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. பூங்காவில் விலங்குக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஒரு வண்டியும் ஒரு வழிகாட்டியும் இருக்கிறார்கள். இங்கே காப்புக்காட்டுக்கும் அறை வாசலுக்கும் நடுவே சில காபிச் செடிகளும் ஒரு கம்பி வேலியும்தான் இருக்கின்றன. காட்டெருமைகள் தோட்டங்களில் நடமாடுவது இங்கே வழக்கமான காட்சி.

நன்கு வளர்ந்த காளை ஒரு டன்னை நெருங்கும் எடை கொண்டது. அது அமைதியாகப் புல் மேய்வதைப் பார்த்து, வீட்டு மாட்டைப் போல நினைத்து அருகில் போய்ப் படம் எடுக்க முயல்வதே இம்மலையில் நேரக்கூடிய மிக ஆபத்தான தவறு என்பேன். விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் அவை மேய்ச்சலுக்கு வெளிப்படுகின்றன. சுற்றுலா வந்தவர்கள் மூடுபனியில் நடந்துவரக் கிளம்புவதும் அதே நேரத்தில்தான். காபிச் செடி ஆளுயரத்துக்கு இருப்பதால், திருப்பத்தில் பத்தடி தூரம்வரை விலங்கு நிற்பது தெரியாது. எதிர்ப்பட்டால் ஓடவோ கத்தவோ கல்லெறியவோ கூடாது. முகம் அதன் பக்கம் இருக்க, மெல்லப் பின்வாங்கி, அது போவதற்கு வழி விட வேண்டும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. இரவில் ஃப்ளாஷ் அடிப்பதும், இருசக்கர வாகனத்தின் விளக்கை அதன் முகத்தில் பாய்ச்சி ஹாரன் அடிப்பதும் அதை மிரளச் செய்யும். தனியாகத் திரியும் காளையைக் கண்டால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது. இரவு உணவுக்கு வேறொரு கட்டடத்துக்கு நடக்க வேண்டியிருந்தால் டார்ச் விளக்கோடு, முடிந்தால் வீட்டாரில் ஒருவரோடு போக வேண்டும். அவர்களுக்கு அன்றைக்குக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்திருக்கும். அவர்கள் போகாதே என்று சொல்லும் பாதையில் போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

குரங்குகளுக்குத் தீனி போடுவதும், எச்சில் இலையையும் பிஸ்கட் உறையையும் சன்னல் வழியே எறிவதும் இதோடு சேர்ந்த தவறுகள். ஒருவர் போட்ட வாழைப்பழத்துக்கான விலையை, அடுத்த வாரம் அதே அறைக்கு வரும் குடும்பத்தின் குழந்தை கொடுக்க நேரிடும். உடைத்தெறியும் மதுப் பாட்டில்கள் காட்டெருமையின் குளம்பையும் பறிக்க வரும் தொழிலாளியின் காலையும் ஒன்றுபோலக் கிழிக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. கொண்டுபோன குப்பையைச் சேலத்துக்கே எடுத்து வந்துவிட வேண்டும். மலைக்கிராமத்தில் அதைக் கொட்டுவதற்கு இடமில்லை.

வேலிக்கு அப்பால் இருப்பது காப்புக்காடாக இருந்தால், அனுமதியின்றி நுழைவது குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் சிக்கி இறந்த பிறகு, மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. இங்கேயும் மாசி முதல் சித்திரை வரை அடிவாரச் சரிவுகளில் மூங்கிலும் புல்லும் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் "கேம்ப் ஃபயர்" கட்டாயம் வேண்டும் என்று விடுதிக்காரரை வற்புறுத்தக் கூடாது. அவரே ஏற்பாடு செய்து தந்தாலும் மறுத்துவிடலாம்.

உடல்நலம்

மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் நடந்தால் காலில் அட்டை ஏறக்கூடும். பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு வைத்தால் விழுந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. பாம்பு கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது என்று எதையும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சிக்னல் இல்லாத விடுதியில் அவசரத்துக்கு வண்டி யாரிடம் இருக்கிறது என்று வந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்வது இதற்காகத்தான். குரங்கு கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பலரும் அறியாமல் செய்யும் கடைசித் தவறு, வீடு திரும்பிய பிறகு நடப்பது. புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணி கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் வரும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் தொடங்கும் என்பதால், அதை மலைப் பயணத்தோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவான இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கக்கூடும். எல்லோருக்கும் அது தோன்றுவதில்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். தள்ளிப்போனால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆகவே திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், மருத்துவர் கேட்காவிட்டாலும், காட்டை ஒட்டிய தோட்டத்தில் தங்கியிருந்ததை நாமாகவே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.