ஜூன்டீன்த் நாளைக் கடைப்பிடிப்பது எப்படி: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் அடிமைமுறை முடிவுக்கு வந்ததை நினைவுகூரும் ஜூன்டீன்த், அதாவது ஜூன் 19, 2021ஆம் ஆண்டு முதல் நாடு முழுமைக்குமான அரசு விடுமுறை நாளாக இருக்கிறது. அஞ்சலகங்களும் பெரும்பாலான வங்கிகளும் அன்று மூடியிருக்கும். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது கோடையில் கிடைக்கும் மற்றுமோர் ஓய்வு நாளாகவே கழிந்துவிடுகிறது. அப்படிக் கழிய விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 1965க்கு முன்பு இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர் மட்டுமே இங்கு குடியேற முடிந்தது. அந்தத் தடையை நீக்கிய 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் அடியும் சிறையும் பட்டு நடத்திய குடிமை உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் பிறந்தது. அவர்கள் போராடித் திறந்த வழியில்தான் நாம் வந்தோம். ஆகவே இந்த நாள் நமக்கு அயலானதன்று.

முதலில் செய்ய வேண்டியது, நடந்தது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது. ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. ஆனால், அப்போது நடந்த உள்நாட்டுப் போரில் வடக்கை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அங்கும் வடக்கின் படை எங்கே நின்றதோ அங்கேதான் அது செல்லுபடியாயிற்று. டெக்சாஸ் போர்க்களங்களிலிருந்து வெகு தொலைவில் இருந்ததால், பிற மாநிலங்களின் பண்ணை முதலாளிகள் தங்கள் அடிமைகளை அங்கே ஓட்டிச் சென்று, விடுதலை எட்டாதபடி வைத்துக்கொண்டார்கள். தென் படைத்தலைவர் லீ 1865 ஏப்ரல் 9 அன்று சரணடைந்த பிறகும் அங்கே எதுவும் மாறவில்லை. ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் துறைமுக நகரில் வடக்கின் தளபதி கார்டன் கிரேஞ்சர் மூன்றாம் எண் பொது ஆணையை வெளியிட்டார். டெக்சாஸில் அடிமைப்பட்டிருந்த ஏறத்தாழ 2,50,000 பேர் சுதந்திரமானவர்கள் என்று அது அறிவித்தது.

செய்தி மெதுவாகப் பயணித்ததால்தான் இரண்டரை ஆண்டுகள் தாமதம் ஏற்பட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் அடிக்கடி கேட்கிறேன். அதைத் திருத்த வேண்டும். செய்தி முதலாளிகளுக்குத் தெரிந்தே இருந்தது. சொல்லாமல் மறைத்தார்கள், பிரகடனத்தை அமல்படுத்த ஆளில்லாததால் தொடர்ந்து வேலை வாங்கினார்கள். டெக்சாஸின் ஹெம்ப்ஸ்டெட் ஊரில் 1941இல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட லாரா ஸ்மாலி என்ற மூதாட்டி, சிறுமியாக அடிமை வாழ்வைக் கண்டவர். போரிலிருந்து திரும்பிய எஜமான் விடுதலையைப் பற்றி வாய் திறக்காமல் ஆறு மாதம் போல வேலை வாங்கிய பிறகே ஜூன் 19 அன்று தங்களை விட்டதாகவும், அதனால்தான் அந்த நாளைக் கொண்டாடுகிறோம் என்றும் அவர் சொல்வதை அவருடைய குரலிலேயே கேட்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அந்தப் பதிவு இலவசமாகக் கிடைக்கிறது. காலையில் குடும்பமாக உட்கார்ந்து அதைக் கேட்பதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, கிரேஞ்சரின் ஆணையை உரக்க வாசியுங்கள். விடுதலைப் பிரகடனத்தைக் கூட்டத்தின் நடுவே வாசிப்பது, 1866இல் டெக்சாஸில் தொடங்கிய முதல் கொண்டாட்டங்களின் காலத்திலிருந்தே வேரூன்றிய வழக்கம். ஆணை ஒரு சிறு பத்திதான்; ஆங்கிலத்தில் ஒருவர் வாசிக்க, மற்றொருவர் வரிக்கு வரி தமிழில் சொல்லலாம். அடிமைகள் அனைவரும் சுதந்திரமானவர்கள் என்று அது தொடங்குகிறது. முன்னாள் எஜமானர்களுக்கும் அடிமைகளுக்கும் இடையே தனிமனித உரிமையிலும் சொத்துரிமையிலும் முழுமையான சமத்துவம் உண்டு என்பது அடுத்த வரி. அதை வாசித்தபின் சற்று நிறுத்துங்கள். கடைசி வரிகளுக்கு வரும்போது குரல் மாறிவிடுகிறது: விடுதலை பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்ய வேண்டும், படைமுகாம்களில் கூடக்கூடாது, சோம்பியிருந்தால் யாரும் ஆதரிக்கமாட்டார்கள் என்கிறது ஆணை. தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவர்களைப் பார்த்து, விடுதலை நாளிலேயே சோம்பல் பற்றி எச்சரித்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் இதிலுள்ள அநீதி புரியும். விளக்கவுரை ஆற்றாமல், அந்த வரிகளைக் கேட்டு என்ன தோன்றுகிறது என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு, குடும்பங்களைப் பிரித்து விற்ற கொடுமை இருந்தது, அது ஒழிந்த நாள் இது என்ற அளவு போதும். சாட்டையடி விவரங்கள் பிறகு வரட்டும்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால்வெஸ்டன் அறிவிப்போடு அடிமைமுறை நாடு முழுவதும் ஒழிந்துவிடவில்லை. டெலவேர், கென்டக்கி மாநிலங்களில், அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறும் வரை அது சட்டப்படி நீடித்தது. குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை அந்தத் திருத்தம் விலக்காக அனுமதித்தது. பின்னாளில் தென் மாநிலங்கள் கைதிகளைப் பண்ணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டது அந்த ஓட்டை வழியாகத்தான்.

ஊரில் பொது நிகழ்ச்சி இருந்தால் கட்டாயம் போங்கள். கறுப்பினத் திருச்சபைகள், நகரப் பூங்காக்கள், பொது நூலகங்கள் ஆகியவற்றின் அறிவிப்புகளை ஜூன் தொடக்கத்திலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. வாய்ப்புள்ளவர்கள் ஹூஸ்டனின் எமன்சிபேஷன் பூங்காவுக்குச் செல்லலாம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஏழாண்டுகளே ஆகியிருந்த மக்கள், ஜாக் யேட்ஸ் என்ற போதகர் உள்ளிட்டவர்களின் முயற்சியில் பணம் திரட்டி, இந்த நாளைக் கொண்டாடுவதற்கென்றே 1872இல் வாங்கிய 10 ஏக்கர் நிலம் அது. அங்கே நிற்கும்போது, கொண்டாட இடம் கிடைப்பதே அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்பது விளங்கும். கால்வெஸ்டனில் ரீடி சேப்பல் என்ற பழைய தேவாலயமும், ஆணை வெளியான இடத்தருகே உள்ள பெரிய சுவரோவியமும் பார்க்க வேண்டியவை.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு நாம் விருந்தினராகப் போகிறோம் என்பதை மறக்கக்கூடாது. வாழ்த்து சொல்லலாம், பலரும் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். வழிபாடு நடக்கும்போது கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பதையும், முன்பின் தெரியாதவரிடம் அவருடைய முன்னோர் கதையைக் கேட்பதையும் தவிர்க்க வேண்டும். அவர்களே சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். அங்கே கடை போட்டிருக்கும் கறுப்பினச் சிறு வணிகர்களிடம் வாங்குவது, எங்கோ பெருங்கடையில் இந்த நாளுக்கென அச்சிட்ட சட்டையை வாங்குவதைவிடப் பொருளுள்ள செயல். அலுவலகத்திலும் அப்படியே: இந்த நாளைப் பற்றிப் பேசும் பொறுப்பைக் கறுப்பின சக ஊழியரின் தலையில் கட்டாதீர்கள். தனியார் நிறுவனங்கள் விடுமுறை தர வேண்டிய கட்டாயம் இல்லை. கிடைக்காதவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் மேலே சொன்ன வாசிப்பைச் செய்துவிடலாம்.

அன்றைய உணவில் சிவப்பு நிறம் மேலோங்கியிருக்கும்: தர்ப்பூசணி, செம்பருத்திச் சாறு, சிவப்பு சோடா, வெல்வெட் கேக், தணலில் வாட்டிய இறைச்சி. சிந்திய இரத்தத்தின் நினைவாக என்பார்கள் சிலர். புளிச்சகீரை இனச் செடியின் சிவந்த பூவுறைகளைக் கொதிக்க வைத்துப் பருகும் மேற்கு ஆப்பிரிக்க வழக்கத்தின் தொடர்ச்சி என்பார்கள் சிலர். சைவ உணவுக் குடும்பங்களுக்கு முதல் இரண்டும், சுட்ட சோளமும் தாராளமாகப் போதும்.

கடைசியாக, நடங்கள். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரைச் சேர்ந்த ஓபல் லீ பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, 1939ஆம் ஆண்டு ஜூன் 19 அன்றே, வெள்ளையின வன்முறைக் கும்பல் அவருடைய குடும்பத்தின் வீட்டைச் சூறையாடியது. அதே நாளை நாட்டின் விடுமுறையாக்கக் கோரி, 2016இல் தமது 89ஆம் வயதில் அவர் வாஷிங்டனை நோக்கி நடைப்பயணம் தொடங்கினார். 2021இல் சட்டம் கையெழுத்தானபோது அருகில் இருந்தார். விடுதலை டெக்சாஸை எட்ட எடுத்த இரண்டரை ஆண்டுகளின் நினைவாக இரண்டரை மைல் நடப்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். பிள்ளைகளோடு நடக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஜூன் வெயில் கடுமையானது என்பதால் காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள், ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி எடுத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்களையும் முன்கூட்டியே அழையுங்கள்.