டிஸ்க் இல்லாத கொம்பியூட்டருகளுக்கு ஒரே சேர்வரில இருந்து சேர்விஸ் குடுக்கிறது: ரெர்மினலில படிப்படியா

முல்லைத்தீவு மாவட்டத்தில மல்லாவிப் பக்கம் ஒரு ரியூசன் சென்ரரில 11 பழைய கொம்பியூட்டர் நிக்குது, ஒவ்வொரு மாரிக்கும் கரண்ட் போறதும் வாறதுமா நிண்டு ஹார்ட் டிஸ்குகள் ஒண்டொண்டாச் செத்துப்போச்சு, புதுசு வாங்கிறதெண்டால் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ பஸ் ஏறோணும், வாங்கிக்கொண்டு வந்து போட்டாலும் அடுத்த மாரிக்கு அதுவும் போயிடும். கடைசியா நான் சொன்னன், டிஸ்கே வேண்டாம், எல்லாத்தையும் கழட்டுங்கோ எண்டு. பெடியள் சிரிச்சாங்கள். இப்ப 11ம் டிஸ்க் இல்லாமத்தான் ஓடுது. எப்பிடி எண்டு கேட்டு நிறையப் பேர் மெசேஜ் போட்டபடியால் ஒருக்கா வடிவா எழுதிவிடுறன்.

முதல்ல ஒரு விசயம். கொமாண்டுகளை நான் தமிழில சத்தத்துக்கு எழுதுறன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில ரைப் பண்ணோணும். எங்கட வழக்கப்படி ரி வேற எழுத்து, டி வேற எழுத்து, அதைக் குழப்பாதேங்கோ. சூடோ (அட்மின் அதிகாரத்தோட ஓட்டு எண்டு அர்த்தம்) எண்டால் எஸ், யூ, டி, ஓ. எல்ரிஎஸ்பி எண்டால் எல், ரி, எஸ், பி. இனிட்ஆர்டி எண்டால் ஐ, என், ஐ, ரி, ஆர், டி. டிஎன்எஸ்மாஸ்கில கடைசி எழுத்து கே இல்லை, கியூ. எழுத்தெழுத்தாக் கிடக்கிறதை இடைவெளி விடாமச் சேர்த்து அடியுங்கோ.

என்ன நடக்குது எண்டு விளங்கினால் மிச்சம் லேசு. டிஸ்க் இல்லாத மெசினை ஓன் பண்ணினா அது நெற்வேர்க் கேபிளால "எனக்கு ஆரும் ஐபி (நெற்வேர்க் இலக்கம்) தாங்கோ, எதில இருந்து பூட் ஆகிறது எண்டும் சொல்லுங்கோ" எண்டு கத்தும். இதுக்குப் பேர் பிஎக்ஸ்ஈ பூட். சேர்வரில இருக்கிற டிஎன்எஸ்மாஸ்க் எண்ட சேர்விஸ் (பின்னால ஓடிக்கொண்டே இருக்கிற புரோகிராம்) அதுக்குப் பதில் சொல்லி, ரிஎஃப்ரிபி எண்ட ஃபைல் அனுப்பிற முறை வழியாச் சின்னப் பூட் ஃபைலையும் கேர்னலையும் (ஓஎஸ்ஸின்ர உள்கரு) அனுப்பும். பிறகு என்எஃப்எஸ் எண்ட சேர்விஸ் முழு ஓஎஸ் இருக்கிற ஒரு பெரிய இமேஜ் ஃபைலைக் காட்டும், மெசின் அதை வாசிச்சுக்கொண்டே ஓடும். ஆக்கள் லொகின் பண்ணேக்க பாஸ்வேர்ட் சரியோ எண்டு பார்க்கிறதும் அவையின்ர ஹோம் ஃபோல்டரைக் கொண்டுவந்து தாறதும் எஸ்எஸ்எச். ஆக மூண்டு சேர்விஸ். இந்த மூண்டையும் பிடிச்சு வைச்சிருந்தால் மிச்சமெல்லாம் சும்மா.

நான் பாவிக்கிறது எல்ரிஎஸ்பி, இந்த வேலை எல்லாத்தையும் செய்து தாற சொஃப்ற்வெயர், உபுண்டு, டெபியன் எண்ட லினக்ஸ் ஓஎஸ்களில ஓடும். நெற்றில தேடினால் எல்ரிஎஸ்பி-பில்ட்-கிளையன்ற் எண்டு ஒரு கொமாண்டைச் சொல்லுற பழைய கட்டுரைகள் கனக்க வரும், அதைக் கண்டால் அந்தப் பக்கத்தை அப்பிடியே மூடுங்கோ. 2019ல எல்ரிஎஸ்பியை அடியில இருந்து புதுசா எழுதிட்டினம், பழைய கொமாண்ட் ஒண்டும் இப்ப சரிவராது. நான் இதை அறியாம ரெண்டு நாளை வீணாக்கினன்.

படி 1. இன்ஸ்ரோல் பண்ணுறது

சேர்வருக்கு ஒரு மெசின் ஒதுக்குங்கோ. அதில மட்டும் நல்ல டிஸ்க் இருந்தால் காணும், ராம் எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லம், நெற்வேர்க் காட் கிகாபிற்றா இருக்கோணும், சுவிச்சும் அப்பிடித்தான். யூபிஎஸ் வாங்கக் காசிருந்தால் சேர்வருக்கும் சுவிச்சுக்கும் மட்டும் போடுங்கோ, மற்றதுகளுக்குத் தேவையில்லை. அதுகளில பழுதாப்போக ஒரு டிஸ்க்கும் இல்லையே.

சூடோ ஏபிரி இன்ஸ்ரோல் எல்ரிஎஸ்பி டிஎன்எஸ்மாஸ்க் என்எஃப்எஸ்-கேர்னல்-சேர்வர் ஓப்பன்எஸ்எஸ்எச்-சேர்வர் ஸ்குவாஷ்எஃப்எஸ்-ரூல்ஸ் ஐபிஎக்ஸ்ஈ

இன்ஸ்ரோல் முடியேக்க டிஎன்எஸ்மாஸ்க் ஸ்ராட் ஆகேல்லை எண்டு சிவப்பில ஒரு எரர் வரலாம். பயப்பிடாதேங்கோ. உபுண்டுவில 53ம் போர்ட்டை (டிஎன்எஸ், அதாவது பேரை ஐபியா மாத்திற வேலைக்கான நெற்வேர்க் வாசல்) ஏற்கனவே சிஸ்ரம்டி-ரிசோல்வ்ட் எண்ட வேற சேர்விஸ் பிடிச்சு வைச்சிருக்கும், இதுவும் அதையே கேக்குது, அதுதான் சண்டை. அடுத்த படியோட தீர்ந்திடும்.

படி 2. சேர்விசுகளைத் தயார் பண்ணுறது

இந்த அஞ்சையும் இதே ஒழுங்கில அடியுங்கோ:

சூடோ எல்ரிஎஸ்பி டிஎன்எஸ்மாஸ்க்
சூடோ எல்ரிஎஸ்பி இமேஜ் /
சூடோ எல்ரிஎஸ்பி ஐபிஎக்ஸ்ஈ
சூடோ எல்ரிஎஸ்பி என்எஃப்எஸ்
சூடோ எல்ரிஎஸ்பி இனிட்ஆர்டி

முதலாவது டிஎன்எஸ்மாஸ்குக்குக் கொன்ஃபிக் (செற்றிங்ஸ்) எழுதும், டிஎன்எஸ் வேலையை நிப்பாட்டி 53ம் போர்ட் சண்டையையும் முடிச்சு வைக்கும். ரெண்டாவதில கடைசியில இருக்கிற சாய்கோட்டை விட்டுடாதேங்கோ, "இந்தச் சேர்வரில இருக்கிற ஓஎஸ்ஸையே இமேஜ் ஆக்கு" எண்டு அதுக்கு அர்த்தம், ஹோம் ஃபோல்டருகள் அதுக்குள்ள போகாது. இது கனநேரம் எடுக்கும், எங்கட சேர்வரில அரை மணித்தியாலம் மட்டில போச்சு, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கோ. மூண்டாவது பூட் மெனுவை எழுதும், நாலாவது இமேஜை நெற்வேர்க்கில திறந்து விடும். அஞ்சாவதைப் பற்றிக் கீழ தனியாச் சொல்லுறன், எல்லாரும் மறக்கிறது அதைத்தான்.

இதில நான் விட்ட ஒரு பிழையையும் சொல்லோணும். சாதாரணமா ஐபியை உங்கட ரூட்டரே குடுக்கும், டிஎன்எஸ்மாஸ்க் பூட் விசயத்தை மட்டும் பக்கத்தில நிண்டு சொல்லும், அதாலதான் ரெண்டுக்கும் சண்டை வாறேல்லை. சேர்வரில ரெண்டு நெற்வேர்க் காட் போட்டு கொம்பியூட்டர் லாபைத் தனியாப் பிரிக்கிறதெண்டால் முதல் கொமாண்டுக்குப் பின்னால --புரொக்சி-டிஎச்சிபி=0 எண்டு சேர்த்து, லாப் பக்கக் காட்டுக்கு 192.168.67.1 எண்டு ஐபி குடுக்கோணும். நான் அப்பிடிச் செய்துபோட்டு ரெண்டு காட்டையும் ஒரே சுவிச்சில குத்திட்டன். பிறகென்ன, ஐபி குடுக்க ரெண்டு பேர், சென்ரரில இருந்த பிள்ளையளின்ர போன் எல்லாத்துக்கும் 192.168.67 எண்டு ஐபி வந்து இன்ரநெற் இல்லாமப் போச்சு. டயலொக் இன்ரநெற் லைன் போச்சோ எண்டு ஆளாளுக்குக் கேக்கிறாங்கள், நான் ஒண்டும் தெரியாத ஆள் மாதிரிக் கேபிளைக் கழட்டினன்.

படி 3. கிளையன்ற் மெசின்

கிளையன்ற் எண்டால் டிஸ்க் இல்லாத மெசின். அதின்ர பயோசுக்குள்ள (ஓன் ஆகேக்க வாற செற்றிங்ஸ் ஸ்கிரீன்) போய் நெற்வேர்க் பூட்டை முதலாவதா வையுங்கோ. கன மெசினில எஃப்12 அடிச்சாலே பூட் மெனு வரும். இவ்வளவுதான்.

படி 4. சேர்வரில சேர்விசுகளைப் பார்க்கிறது

இதுக்கு எல்லாம் சிஸ்ரம்சிரிஎல் எண்ட கொமாண்ட் தான்.

சிஸ்ரம்சிரிஎல் ஸ்ரேற்றஸ் டிஎன்எஸ்மாஸ்க் என்எஃப்எஸ்-சேர்வர் எஸ்எஸ்எச்

பச்சையில அக்ரிவ் எண்டு வந்தால் சரி. உபுண்டு 24.04ல எஸ்எஸ்எச் மட்டும் இன்அக்ரிவ் எண்டு காட்டலாம், அது பழுதில்லை, ஆரும் வந்து கதவைத் தட்டினால்தான் எழும்பும், எஸ்எஸ்எச்.சொக்கெற் எண்டதின்ர ஸ்ரேற்றசைப் பாருங்கோ. ஸ்ரேற்றசுக்குப் பதிலா ஸ்ராட், ஸ்ரொப், ரீஸ்ராட் எண்டு போட்டு மற்ற வேலையளைச் செய்யலாம். சேர்வர் ஓன் ஆகேக்க தானா எழும்போணும் எண்டால் எனேபிள்.

எது விழுந்தால் என்ன நடக்கும் எண்டதை மனசில வையுங்கோ, இது தெரிஞ்சால் பாதிப் பழுதை எழும்பிப் போகாமலே கண்டுபிடிக்கலாம். டிஎன்எஸ்மாஸ்க் விழுந்தால் ஏற்கனவே ஓடுற மெசினுக்கு ஒண்டும் நடக்காது, புதுசா ஓன் பண்ணுறது மட்டும் எழும்பாது. என்எஃப்எஸ் விழுந்தால் எல்லா மெசினும் ஒரேயடியா உறைஞ்சுபோய் நிக்கும், வகுப்பே கத்தும், திரும்ப எழுப்பினால் எனக்குப் பெரும்பாலும் விட்ட இடத்தில இருந்தே ஓடியிருக்கு. எஸ்எஸ்எச் விழுந்தால் லொகின் ஸ்கிரீன் வடிவா வரும், ஆனால் சரியான பாஸ்வேர்ட் அடிச்சாலும் ஏறாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏறேல்லை எண்டால் அது பாஸ்வேர்ட் மறதி, 11 பேருக்கும் ஏறேல்லை எண்டால் எஸ்எஸ்எச்.

ஒரு கிளையன்ற் பூட் ஆகேக்க சேர்வரில இதை அடிச்சுவிட்டுப் பாருங்கோ:

சூடோ ஜேர்னல்சிரிஎல் -எஃப்யூ டிஎன்எஸ்மாஸ்க்

மெசின் கேக்கிறதும் சேர்வர் ஃபைல் அனுப்பிறதும் வரிவரியா ஓடும். ஒண்டுமே ஓடேல்லை எண்டால் மெசினின்ர சத்தம் சேர்வருக்கு வந்தே சேரேல்லை எண்டு அர்த்தம், கேபிளையும் சுவிச்சையும் பாருங்கோ, ஃபயர்வோல் போட்டிருந்தால் யூடிபி 67, 69, 4011 மூண்டும் திறந்திருக்கோ எண்டும் பாருங்கோ. என்எஃப்எஸ்சுக்கு 2049ம் வேணும்.

படி 5. கிளையன்ற்றுக்குள்ள ஓடுற சேர்விசுகள்

புதுசா வாறாக்கள் தடுக்கி விழுற இடம் இதுதான். கிளையன்ற் மெசின் முன்னால இருந்து புளூரூத் சேர்விசை டிசேபிள் பண்ணுவீங்கள், சரி எண்டு சொல்லும், அடுத்தநாள் ஓன் பண்ணினால் திரும்ப ஓடும். ஏனெண்டால் இமேஜ் வாசிக்க மட்டும்தான், நீங்கள் செய்யிற மாற்றமெல்லாம் ராமில நிக்கும், ஓஃப் பண்ண எல்லாம் போயிடும். துருசு குளத்தில இருக்கு, நீங்கள் வயலுக்குள்ள நிண்டு வாய்க்காலை மண் போட்டு மறிச்சு என்ன பிரியோசனம்.

அப்ப சேர்வரிலேயே டிசேபிள் பண்ணிட்டு இமேஜ் எடுக்கலாமே எண்டு கேப்பீங்கள். புளூரூத்துக்கு அது சரி. ஆனால் எங்கட சேர்வரில அபாச்சி எண்ட வெப் சேர்வரும் மரியாடிபி எண்ட டேற்றாபேசும் ஓடுது, பிள்ளையளின்ர வரவுப் பதிவு அதிலதான். சேர்வருக்கு அது வேணும், கிளையன்ற்றுக்கு வேண்டாம், ரெண்டுக்கும் மூலம் ஒரே ஓஎஸ். விட்டால் 2 ஜிபி ராம் இருக்கிற கிழட்டு மெசின் ஒவ்வொண்டிலயும் ஒரு டேற்றாபேஸ் சும்மா எழும்பி நிக்கும்.

இதுக்குக் கொன்ஃபிக் ஃபைல் இருக்கு. முதல்ல மாதிரி ஃபைலைக் கொப்பி எடுங்கோ:

சூடோ சிபி /யூஎஸ்ஆர்/ஷெயர்/எல்ரிஎஸ்பி/கொமன்/எல்ரிஎஸ்பி/எல்ரிஎஸ்பி.கொன்ஃப் /ஈரிசி/எல்ரிஎஸ்பி/

பிறகு நானோ எண்ட எடிட்டரில திறந்து, சதுர அடைப்புக்குள்ள கிளையன்ற்ஸ் எண்டு இருக்கிற பகுதிக்குக் கீழ இப்பிடி ஒரு வரி, சமன் குறிக்கு முன்னால உள்ளது மட்டும் பெரிய எழுத்தில:

மாஸ்க்_சிஸ்ரம்_சேர்விசஸ்="அபாச்சி2 மரியாடிபி புளூரூத்"

பேருகளுக்கு இடையில கொமா போடாதேங்கோ, இடைவெளி மட்டும். டிசேபிள் எண்டால் ஓன் ஆகேக்க எழும்பாது, ஆனால் வேற ஏதும் கூப்பிட்டால் எழும்பும். மாஸ்க் எண்டால் ஆர் கூப்பிட்டாலும் எழும்பாது. கிளையன்ற்றில தேவையில்லாத கொஞ்ச சேர்விசுகளை எல்ரிஎஸ்பி தானாவே மாஸ்க் பண்ணிவிடும், அதில ஒண்டு உங்களுக்கு வேணும் எண்டால் கீப்_சிஸ்ரம்_சேர்விசஸ் எண்ட வரியில அதின்ர பேரைப் போடுங்கோ. ஒரு மெசினுக்கு மட்டும் வேற மாதிரி வேணும் எண்டால், அதின்ர மக் அட்ரசை (நெற்வேர்க் காட்டின்ர அடையாள இலக்கம்) சதுர அடைப்புக்குள்ள தலைப்பாப் போட்டு அதுக்குக் கீழ எழுதலாம்.

எதை மாஸ்க் பண்ணுறது எண்டு தெரியேல்லையோ, ஒரு கிளையன்ற்றில சிஸ்ரம்டி-அனலைஸ் பிளேம் எண்டு அடியுங்கோ, பூட் ஆகேக்க எது எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு வரிசையாக் காட்டும். மேல நிக்கிறதுகளில பேர் விளங்காததைக் கண்டபாட்டுக்கு மாஸ்க் பண்ணாதேங்கோ. நான் ஒருக்கா நெற்வேர்க் சம்பந்தமான ஒண்டை மாஸ்க் பண்ணிப்போட்டு 11 மெசினும் பாதி வழியில நிண்டது. ஒவ்வொண்டா மாஸ்க் பண்ணி, ஒரு மெசினில மட்டும் பார்த்து, பிறகு மற்றதுகளுக்கு.

கொன்ஃபிக்கை சேவ் பண்ணினாப் போல வேலை முடியாது. சூடோ எல்ரிஎஸ்பி இனிட்ஆர்டி எண்டு திரும்ப அடிக்கோணும். படி 2ல அஞ்சாவதா அடிச்சது இதுதான், இது ஒரு சின்ன ஃபைலை ஆக்கும், கொன்ஃபிக்கும் யூசர் லிஸ்றும் அந்த ஃபைலுக்குள்ளதான் கிளையன்ற்றுக்குப் போகுது. புதுப் பிள்ளைக்கு யூசர் போட்டாலும் இதையே அடிக்கோணும். "சேர், எனக்கு ஏறுதில்லை" எண்டு புதுசா வந்த பிள்ளை சொன்னால் நான் இப்ப பாஸ்வேர்டைக் கேக்கிறேல்லை, இனிட்ஆர்டி அடிச்சனோ எண்டுதான் யோசிக்கிறன்.

படி 6. அப்டேற், பழையதுக்குத் திரும்பிறது, அழிக்கிறது

சேர்வரில புதுசா ஏதும் இன்ஸ்ரோல் பண்ணினாலோ அப்டேற் பண்ணினாலோ சூடோ எல்ரிஎஸ்பி இமேஜ் / எண்டதைத் திரும்ப ஓட்டோணும், அப்பதான் கிளையன்ற்றுக்குப் போகும். வகுப்பு முடிஞ்ச பிறகு செய்யுங்கோ. புது இமேஜ் எழுதேக்க பழையதைக் கடைசியில .ஓல்ட் எண்டு போட்டுத் தானே எடுத்து வைக்கும், /எஸ்ஆர்வி/எல்ரிஎஸ்பி/இமேஜஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள கிடக்கும். புதுசு சரிவராட்டில் எம்வி கொமாண்டால பழையதைப் பழைய பேருக்கு மாத்திவிட்டால் காணும். டிஸ்கில இடம் ரெண்டு மடங்கு போகும் எண்டதையும் யோசிச்சு வையுங்கோ. என்னென்ன இமேஜ் கிடக்கு எண்டு பார்க்க எல்ரிஎஸ்பி இன்ஃபோ. தேவையில்லாததை ஆர்எம் போட்டு அழிச்சிட்டு சூடோ எல்ரிஎஸ்பி ஐபிஎக்ஸ்ஈ எண்டு ஒருக்கா அடியுங்கோ, மெனு சரியாகும்.

பின்னேரம் சென்ரரைப் பூட்டேக்க முதல்ல கிளையன்ற்றுகளை ஓஃப் பண்ணி, கடைசியாச் சேர்வர். மாறிச் செய்தால் பிள்ளையள் சேவ் பண்ணாம விட்டதெல்லாம் போச்சு.

ஸ்கிரீனில வாற மூண்டு எரர்

பிஎக்ஸ்ஈ-ஈ51 எண்டு வந்தால் ஆரும் பதில் சொல்லேல்லை, ரூட்டர் ஓனோ, டிஎன்எஸ்மாஸ்க் ஓடுதோ எண்டு பாருங்கோ. பிஎக்ஸ்ஈ-ஈ32 எண்டால் பதில் வந்தது, ஆனால் ஃபைல் வரேல்லை, அது ரிஎஃப்ரிபி, பெரும்பாலும் 69ம் போர்ட். பிஎக்ஸ்ஈ-ஈ61 எண்டால் கேபிள். ரெர்மினலில ஒண்டையும் தேடாம எழும்பிப் போய்ச் சுவருக்குப் பக்கத்தில பாருங்கோ, எங்கட இடத்தில இதுவரைக்கும் ஈ61 வந்தது மூண்டு தரம், மூண்டு தரமும் எலிதான், இப்ப கேபிளெல்லாம் பைப்புக்குள்ளால போகுது.