மாமரத்தடியில் கிடந்த லாண்ட்றோவரை ஓட வைப்பது எப்படி

பழைய லாண்ட்றோவர் ஒன்று கைக்கு வந்தால் நாங்கள் முதலில் செய்வது என்ன? பற்றரியைப் பூட்டி, காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை ஊற்றி, ஸ்ரார்ட் வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால் உழவு மெஷினில் சங்கிலி போட்டு இழுப்போம். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு சிலிண்டருக்குள் மழைத்தண்ணீர் நின்றது எனக்குத் தெரியாது. தண்ணீர் நசியாது, இரும்புதான் வளையும். அன்றைக்கு வளைந்த, பிஸ்ரனோடு பூட்டியிருக்கும் கனெக்ரிங் றொட் இன்னும் என் கொட்டிலில் தொங்குகிறது. அதனால் சொல்கிறேன், எஞ்சினைப் பிறகு பாருங்கள். முதலில் சேசி, அதாவது வாகனத்தைத் தாங்கும் அடிச்சட்டம், அடுத்தது பிறேக், அதன் பிறகுதான் எஞ்சின், பெயின்ற் எல்லாவற்றுக்கும் கடைசி. இன்னொன்று, ஒரேயடியாக எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். வன்னியில் பாதி லாண்ட்றோவர்கள் கறளால் சாகவில்லை, கழற்றிய சாமான் எந்தச் சாக்கில் கிடக்கிறதென்று தெரியாமல்தான் செத்தன.

நான் செய்தது சீரீஸ் 2ஏ, முன் பின் அச்சுகளுக்கு இடையில் 88 அங்குலம், 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின். 1961இலிருந்து 1971 வரை வந்த மொடல். பிறகு வந்த சீரீஸ் 3க்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

வாகனத்தை எடுக்க முதல் இரண்டு விஷயம். பற்றைக்குள் கிடக்கிறது, இழுத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடம் மிதிவெடி அகற்றி முடிந்த இடமா என்று உறுதியாகத் தெரியாமல் காலை வைக்காதீர்கள். அடுத்தது பதிவுப் புத்தகம். இடம்பெயர்வில் புத்தகம் தொலைந்த வாகனங்கள் கனக்க இருக்கின்றன. சேசி இலக்கம் வலது முன் ஸ்பிறிங் பூட்டும் இடத்துக்குக் கிட்ட அடித்திருக்கும், கறள் மூடியிருந்தால் கையால் மெதுவாக வயர் பிறஷ் போட்டு எடுங்கள். கிறைண்டரைக் கொண்டுபோனால் இலக்கமும் சேர்ந்து போய்விடும், பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

ஸ்பனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இதில் இருக்கும் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டால் இரண்டு தரம் பிடிக்கும், மூன்றாம் தரம் நட்டின் மூலை உருண்டுவிடும். பழைய மாசி பேர்கசன் உழவு மெஷின் வைத்திருக்கும் ஆட்களிடம் அங்குல ஸ்பனர் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கழற்றுவதற்கு முதல் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுங்கள், நட்டையும் வோஷரையும் கழற்றிய இடத்திலேயே திருப்பிக் கொழுவி விடுங்கள்.

இப்போது சேசி. லாண்ட்றோவரின் உடம்பு அலுமினியக் கலவை. 1948இல் இந்த வாகனம் வந்தபோது பிரித்தானியாவில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் அப்படிச் செய்தார்கள். உடம்பு பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, கீழே இருக்கும் சேசி இரும்புப் பெட்டி, அது உள்ளேயிருந்து உக்கும். வயல் சேறு ஓட்டைகளால் உள்ளே போய் வருடக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும். சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிக் கேட்கும், உக்கிய இடம் பனங்குற்றியைத் தட்டியது போல் மொத்தையாகக் கேட்கும். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிறிங் பூட்டும் இடங்கள், உடம்பைத் தாங்கும் பக்கக் கைகள், கால் வைக்கும் தகடு, இவைதான் முதலில் போகும். ஸ்குறூ டிறைவர் உள்ளே போகிற இடம் எல்லாம் வெட்ட வேண்டிய இடம்.

வெல்டிங்குக்கு 2 மில்லிமீற்றருக்குக் குறையாத தகடு எடுங்கள். உக்கலுக்கு மேலே தகட்டை ஒட்டுவது சும்மா வேலை, நல்ல இரும்பு வரும் வரை வெட்டிவிட்டு ஒட்டுங்கள். இந்த மொடலில் பெற்றோல் தாங்கி இருக்கைக்குக் கீழேதான் இருக்கிறது. அதையும் பற்றரியையும் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் வெல்டிங் கம்பியைத் தொட வேண்டும். வெறும் தாங்கிதானே என்று நினைக்காதீர்கள், நிறைந்த தாங்கியை விட வெறும் தாங்கியின் ஆவிதான் வெடிக்கும். ஒட்டு முடிந்ததும் சேசிக்குள்ளே ஒயிலோ மெழுகோ நன்றாக அடித்து விடுங்கள்.

அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் வெள்ளைத் தூள் கொட்டும், ஈரம் சேர்ந்தால் ஒன்றை மற்றது தின்னும். திருப்பிப் பூட்டும்போது இடையில் பெயின்ற் அடித்து, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வையுங்கள். மலிவு, ஆனால் வடிவாக வேலை செய்யும்.

ஜக் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உயிர் போகும். இந்த வாகனத்தின் ஹாண்ட் பிறேக் சில்லைப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் சுற்றும் தண்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சில்லை நிலத்திலிருந்து தூக்கினால் அந்தச் சில்லு சுழல, மற்றது உருளும், ஹாண்ட் பிறேக் இருந்தும் இல்லாத மாதிரி. தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மாரியில் எங்கள் களிமண்ணில் ஜக் தானாகவே கீழே இறங்கும், அதனால் தடித்த பலகை போட்டு, ஜக்கை நம்பாமல் ஸ்ராண்ட் வைத்து, பிறகு கீழே போங்கள். கீழே போக முதல் ஒரு தடியால் தட்டிப் பாருங்கள். எனக்கு ஒரு புடையன் பாம்பு இருந்தது.

பிறேக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். றப்பர் குழாய், சில்லுச் சிலிண்டர் சீல், கறள் பிடித்த இரும்புக் குழாய் எல்லாம் புதிது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும், பழைய சாமானைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், அந்தத் தூசியைக் கொம்பிறஷரால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். றப்பர் சீலை மண்ணெண்ணெயில் கழுவினால் ஊதிப் போகும், பிறேக் ஒயிலிலேயே கழுவுங்கள். பிறேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும்போது, பிறேக் மிதியோடு இருக்கும் மாஸ்ரர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்தில் இருக்கும் சில்லிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்பிறிங் தகடுகள் ஒன்றோடொன்று கறளால் ஒட்டியிருந்தால் மாட்டு வண்டில் மாதிரித்தான் குதிக்கும். பிரித்து, தேய்த்து, கிறீஸ் போட்டுப் பூட்டலாம். ஆனால் புஷ் போல்ற் கழற்றுவது ஒரு நாள் வேலை, சில வேளை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சரி, எஞ்சின். ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாருங்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஓடிய வாகனம் என்றால், சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியிருப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீராகும், பெயரிங் தேயும். மண்ணெண்ணெய் மணம் வந்தால், எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றி பெயரிங்கைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் டீசலும் மெல்லிய ஒயிலும் கலந்து ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். பிறகு எஞ்சினைக் கையால் சுழற்றும் கைப்பிடியை முன்னால் போட்டு மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையுங்கள். பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். இப்போது பிளக் இல்லை, ஆனால் பிளக் பூட்டிய பிறகு எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறியும். சுழலத் தொடங்கியதும் புது ஒயில் ஊற்றி, பிளக் இல்லாமலே ஒயில் லைட் அணையும் வரை சுழற்றுங்கள்.

வால்வு இடைவெளி உள்ளுக்கும் வெளிக்கும் 0.25 மில்லிமீற்றர். டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் கொன்ராக்ற் பொயின்ற் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். சிலிண்டர்கள் தீ பிடிக்கும் ஒழுங்கு 1-3-4-2. பழைய சீரீஸ் 2, 2ஏ வாகனங்களில் பொசிற்றிவ் எர்த் இருக்கும், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் வாகனத்தின் இரும்போடு பூட்டியிருக்கும், பார்க்காமல் பற்றரியை மாறிப் பூட்டாதீர்கள். வயர்களை எலி வெட்டியிருந்தால் ரேப் சுற்றாமல் அந்தத் துண்டையே மாற்றுங்கள். பெற்றோல் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கும், ஊதிப் பாருங்கள். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கேத்தலின் அடியில் படிகிற அதே கல்தான் அங்கேயும் படியும். மழைத்தண்ணீரை ஏந்தி, கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். கியர் பெட்டிக்கும் அச்சுகளுக்கும் இபி 90 ஒயில். அது ஒழுகும். கொஞ்சம் ஒழுகினால் பரவாயில்லை, ஒழுகாமல் நின்றால்தான் உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெயின்ற் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அலுமினியத்தில் பெயின்ற் ஒட்டிப் பிடிக்க அடிக்கும் எட்ச் பிறைமர் போடாமல் அடித்தால் ஒரு மாரிக்குள் தோல் உரியும். நெளிவுகளை நான் தட்டி எடுக்கவில்லை, அவை எப்படி வந்தன என்று ஊருக்கே தெரியும்.

முதல் ஓட்டத்துக்கு ஏ9 பெருந்தெரு வேண்டாம். வாய்க்கால் ஓரத்து மண் றோட்டில் நாலைந்து கிலோமீற்றர் மெதுவாகப் போய் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலும் கையை வையுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பெயரிங் இறுக்கம், அல்லது பிறேக் விடாமல் பிடிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சில்லு நட்டையும் ஸ்பிறிங்கின் யூ போல்ற்றையும் திரும்ப இறுக்குங்கள், நூறு கிலோமீற்றர் ஓடியதும் இன்னொரு தரம். 500 கிலோமீற்றரில் எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள், வடிப்பதை வெள்ளைத் துணியால் வடித்து, துணியில் உலோகத் தூளின் மினுக்கம் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்.