சூப்பர்நோவாவைக் கொண்டு தொலைவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர்நோவா என்பது ஒரு விண்மீன் வெடிப்பு; அதன் உண்மைப் பிரகாசம் தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். இதற்குப் பயன்படும் ஐஏ வகை சூப்பர்நோவாக்கள் அனைத்தும் ஒரே பிரகாசத்துடன் வெடிக்கின்றன என்று பல விளக்கங்கள் தொடங்குகின்றன. முதல் தவறும் பெரிய தவறும் அதுவே. வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் அடர்ந்த எச்சம்) ஒன்று, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை என்னும் சந்திரசேகர் வரம்பை நெருங்கும்போது வெடிப்பதால் எல்லா வெடிப்புகளும் ஒன்றுபோலவே இருக்கும் என்ற வாதம் எளிமையாகத் தோன்றினாலும், பிரகாசத்தைத் தீர்மானிப்பது வெடிப்பில் உருவாகும் கதிரியக்க நிக்கல்-56இன் அளவுதான். அது வெடிப்புக்கு வெடிப்பு மாறுகிறது. 1991பிஜி என்ற சூப்பர்நோவா நீல ஒளியில் வழக்கத்தைவிட ஏறத்தாழ பத்து மடங்கு மங்கலாக இருந்தது. தொலைவின் வர்க்கத்துக்கேற்ப ஒளி குறைவதால், அதை வழக்கமானதாகக் கொண்டு கணக்கிட்டால் உண்மைத் தொலைவைப்போல் மூன்று மடங்குக்கும் சற்று மேல் கிடைத்துவிடும்.

பிரகாசமானவை மெதுவாக மங்குகின்றன என்பதை 1993இல் வானியலாளர் மார்க் பிலிப்ஸ் காட்டியதே இந்த முறையை நம்பகமாக்கியது. உச்சத்துக்குப் பிந்தைய 15 நாட்களில் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்து உண்மைப் பிரகாசத்தைத் திருத்துகிறார்கள். ஆகவே ஓரிரவில் எடுத்த ஒற்றைப் படத்தை மட்டும் வைத்துத் தொலைவைச் சொல்வது சரியன்று.

இங்கே இன்னொரு தவறும் எளிதில் நுழைகிறது. பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலுள்ள வெடிப்பின் காலமும் நீண்டு தெரிகிறது; செம்பெயர்ச்சி (விரிவால் ஒளியின் அலைநீளம் கூடும் விகிதம்) 0.5 எனில் 20 நாள் நிகழ்வு நமக்கு 30 நாட்களாகத் தெரியும். இதைக் கழிக்க மறந்தால், மெதுவாக மங்குவதாகக் கருதி அதன் பிரகாசத்தைக் கூட்டிவிடுவோம், தொலைவும் கூடிவிடும்.

வகையைச் சரிபார்க்க நிறமாலை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) வேண்டும்: ஐஏ வகையில் ஹைட்ரஜன் கோடுகள் இருக்காது, உச்சத்தையொட்டி சிலிக்கான் கோடு தெளிவாகத் தெரியும். 1987ஏ என்ற சூப்பர்நோவா புகழ்பெற்றது என்றாலும் அது வேறு வகை.

வழியிலுள்ள தூசியைப் புறக்கணிப்பதும் தொலைவைக் கூட்டியே காட்டும். பாதி ஒளியைத் தூசி விழுங்கினால் தொலைவு 1.4 மடங்காகத் தோன்றும். தூசி நீல ஒளியைக் கூடுதலாகத் தடுப்பதால், ஒரே ஒரு வடிகட்டியில் அளக்காமல் பல நிறங்களில் அளந்து திருத்த வேண்டும். பிரபஞ்ச விரிவு முடுக்கமடைகிறது என்று 1998இல் இரு குழுக்கள் அறிவித்தபோது, சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதற்குத் தூசி காரணமில்லை என்று காட்ட அவர்கள் அதிக உழைப்பைச் செலுத்தினார்கள். அது அவசியமான உழைப்பு.

கடைசியாக, சூப்பர்நோவா தனியாகத் தருவது ஒப்பீட்டுத் தொலைவு மட்டுமே. உண்மை அளவுக்கு, சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்101 போன்ற அருகிலுள்ள விண்மீன் பேரடைகளின் தொலைவைச் செபீடு விண்மீன்களை (ஒளி கூடிக்குறையும் கால அளவிலிருந்து உண்மைப் பிரகாசத்தை அறியக்கூடியவை) கொண்டு முதலில் அறிய வேண்டும். அந்தப் படியில் பிழை இருந்தால் அதை அடிப்படையாகக் கொண்ட எல்லாத் தொலைவுகளும் ஒரே திசையில் நகரும். ஆயிரம் சூப்பர்நோவாக்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை குறையாது.