கண்மாய்த் தண்ணீரில் டயர் உரசப் பறக்கவிடுவது எப்படி?

சக்கரம் வைத்த ஆர்.சி. (ரிமோட்டில் ஓட்டும்) மாடல் விமானத்தைத் தண்ணீர் மேல் சர்ரென்று உரசவிடுவது பார்க்க மாயம் போலத் தெரியும். உண்மையில் எடையில் பெரும்பங்கைச் சுமப்பது இறக்கைதான், டயர் தண்ணீரை நக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவே. வேகம் குறைந்தால் இறக்கை விட்ட சுமை டயருக்கு வரும். டயர் அமுங்கும், மூக்கு குத்தும். (ஆள் ஏறும் விமானத்தில் இதைச் செய்து கவிழ்ந்தவர்கள் உண்டு. இங்கே பேசுவது மாடல் விமானம் மட்டும்.)

இடம்

செட்டிநாட்டில் தண்ணீருக்கு ஊருணி, கண்மாய் என்று இரண்டு உண்டு. ஊருணியை விட்டுவிடுங்கள். குடிநீர் ஊருணியில் பல ஊர்களில் காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். அதில் பேட்டரியோடு விமானம் விழுந்தால் ஊரே திரண்டு வரும், வந்தால் நியாயம்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்து, மார்கழி, தையில் நிறைந்து கிடக்கும் கண்மாய்தான் தோது. உள்ளே நிற்கும் கருவேல மரங்கள், ஆகாயத்தாமரை, மடை, கலுங்கு இவற்றை விட்டு விலகி, 80 மீட்டராவது வெறும் தண்ணீர் நீளவாக்கில் வேண்டும். பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் (அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடம்) அந்த இடம் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதி தேவைப்படாத பகுதியா என்று பாருங்கள்.

விமானம்

மேல் இறக்கை, வால் சக்கரம் உள்ள ஃபோம் விமானம். இறக்கை நீளம் 1.2 மீட்டர், எடை 1 கிலோவை ஒட்டி, 3எஸ் (மூன்று செல்) 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி. உந்துவிசை எடைக்குச் சமமாக இருந்தால் தப்பிப்பது சுலபம். டயர்தான் முக்கியம்: 100 முதல் 125 மில்லிமீட்டர் விட்டத்தில், அகலமான, கனமில்லாத ஃபோம் டயர். விமானத்தோடு வரும் ஒல்லிச் சக்கரம் கத்தி மாதிரி தண்ணீரை அறுத்து இறங்கிவிடும். அச்சு, எடைமையத்துக்கு முன்னால் இருக்கட்டும்.

ரிசீவரைப் பலூனுக்குள் விட்டு வாயைக் கட்டுங்கள். ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பலகைக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் என்னும் ஈரம் புகாத பூச்சைப் பூசுங்கள். பிரஷ்லெஸ் மோட்டார் நல்ல தண்ணீரில் நனைந்தாலும் பிழைக்கும், பேரிங்குக்கு மட்டும் பிறகு ஒரு சொட்டு எண்ணெய்.

உரசும் முறை

1. முதலில் பொட்டலில், சக்கரம் தொட்டதும் எழும்பும் பயிற்சி. கை பழகும் வரை தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள்.

2. கண்மாயில் எதிர்காற்றில், கரைக்கு இணையாக, 15 மீட்டர் தள்ளி 1 மீட்டர் உயரத்தில் நாலைந்து சுற்று. பிறகு அரை மீட்டர். பிறகு ஒரு சாண்.

3. கரை மேட்டில் நின்றால் உயரம் ஏமாற்றும். தண்ணீர் ஓரத்துக்கு இறங்கி நில்லுங்கள். டயரின் பிம்பம் கீழிருந்து ஏறி வந்து டயரோடு ஒட்டும் நொடிதான் தொடும் நொடி. சிற்றலை இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி போல அசையாத தண்ணீரில் மட்டம் பிடிபடாது.

4. தொட்டதும் தண்ணீரின் இழுப்பு மூக்கைக் கீழே தள்ளும். தொடும் முன்பே த்ராட்டிலை (மோட்டார் வேகம்) ஒரு பொட்டு ஏற்றி, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) மயிரிழை மேலே பிடியுங்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, தொட்டவுடன் தரையிறங்குவதாக நினைத்து த்ராட்டிலைக் குறைப்பது. பெரும்பாலான முழுக்கு இதனால்தான்.

5. முதல் நாள் ஒரு நொடி உரசினால் போதும், எழுப்பிவிடுங்கள். டயருக்குப் பின்னால் மெல்லிய விசிறியாகத் தண்ணீர் பீய்ச்சினால் சரி. டயருக்கு முன்னால் தண்ணீர் குவிந்தால் அமுங்குகிறது என்று பொருள், உடனே முழு த்ராட்டில். உரசும்போது திருப்பவே கூடாது, தாழும் இறக்கை நுனி தண்ணீரில் மாட்டும்.

விழுந்தால்

இறங்கி எடுக்காதீர்கள். வண்டல் அள்ளிய குழிகள் மேலே நின்றால் தெரியாது, இடுப்பளவு என்று நினைத்த இடம் ஆளை முழுக்கும். தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி விமானத்துக்கு அப்பால் வீசி, மெதுவாக இழுத்து வாருங்கள். வந்ததும் முதல் வேலை லிப்போவைக் கழற்றுவது. உப்பியிருந்தாலோ சூடாக இருந்தாலோ காருக்குள் வைக்காதீர்கள், வெட்டவெளியில் தனியாகக் கிடக்கட்டும். மற்றவற்றை நிழலில் ஃபேன் காற்றில் ஒரு முழு நாள் காயவிட்டபின் மின்சாரம் கொடுங்கள்.