சங்கத்துக் காணிக்கு உறுதி எழுதுமுன்: இளம் சட்டத்தரணிகளுக்குச் சில குறிப்புகள்

மட்டக்களப்பில் ஒரு தொண்டுச் சங்கத்தின் நிர்வாகிகள் ஆலோசனை கேட்டு வந்தால், யாப்பைப் புரட்டுவதற்கு முன் காணி உறுதியைக் கேளுங்கள். முன்பள்ளியோ முதியோர் இல்லமோ நிற்கும் நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதே முதற் கேள்வி.

1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவு, சங்கத்தை அரச மேற்பார்வைக்குள் கொண்டுவருகிறதே ஒழிய, தன் பெயரில் காணி வாங்கவும் வழக்குத் தொடுக்கவும் வல்ல சட்ட ஆளாக அதனை ஆக்குவதில்லை. இதை அறியாமல் செயலாளரின் பெயரில் உறுதி முடித்துவிட்டால், அவர் காலமானபின் பிள்ளைகள் அந்நிலத்தை முதுசமாகக் கோருவதற்கு வழி திறந்துவிடுகிறது.

காணியின் வகையையும் பாருங்கள். அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியானால், உரிய எழுத்துமூல அனுமதியின்றிச் செய்யப்படும் கைமாற்றம் செல்லாது. எனவே பிரதேச செயலகத்துக்குப் போகாமல் பேனாவைத் தொடாதீர்கள். காத்தான்குடியிலோ கல்முனையிலோ பள்ளிவாசலுக்குரிய சொத்தென்றால், 1956 ஆம் ஆண்டின் வக்பு (முஸ்லிம் அறக்கொடைச் சொத்து) சட்டத்தை முதலில் வாசியுங்கள்.

தனியார் காணியானால், 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னிலையில் நம்பிக்கைப் பொறுப்பு உறுதி, அதாவது ஒருவர் தன் பெயரிலுள்ள சொத்தைப் பிறர் நலனுக்காகவே வைத்திருக்கக் கடமைப்படும் உறுதி, எழுதலாம். நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவர் விலகினால் அவ்விடத்தை யார், எப்படி நிரப்புவது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஊழியர்களை அமர்த்தி, வெளிநாட்டு நன்கொடையும் பெறும் அமைப்புக்கு, இலாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிடாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியே (உறுப்பினரின் பொறுப்பு அவர் தருவதாக ஏற்ற தொகையோடு நிற்கும் கம்பனி) பொருத்தமானது என்பது என் கருத்து. 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் 34 ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. சிறிய கிராமச் சங்கத்துக்கு அந்தச் சுமை வேண்டாம். எந்த வடிவமானாலும், அமைப்புக் கலைந்தால் எஞ்சும் சொத்து ஒத்த நோக்கமுடைய வேறோர் அமைப்பைச் சேரும் என்ற வாசகம் யாப்பில் இருக்கட்டும்.

பிணக்கு ஏற்கெனவே நீதிமன்றம் வந்துவிட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. முறையான ஆவணம் இல்லாதபோதும், சூழ்நிலைகள் அனைத்தையும் நோக்கி அறநிலை நம்பிக்கைப் பொறுப்பு உண்டென நீதிமன்றம் கருத நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 107 ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆகவே நன்கொடையாளரின் கடிதம், பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, காணி வாங்கத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கை ஆகியவற்றைத் தேடியெடுங்கள். பழைய பொருளாளரின் வீட்டு அலுமாரியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.